நான் வெட்டி எறிந்த வில்னா

இட்ஸிக் விட்டன்பேர்க் எப்படிச் செத்தார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கட்டுரையை எழுதிய காலத்திலேயே தெரியும். தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொன்னால் பாதிக் குற்றம் கழிந்துபோகும். அந்தச் சலுகைக்கு எனக்கு வழியில்லை. ரொறன்ரோ நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகத்தில் அவருடைய பக்கங்களுக்கு நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். நூலகப் புத்தகத்தில் கோடு போடுவது தனிக் குற்றம். அதை இப்போதைக்கு விடுவோம்.

முதலில், அன்று எழுதாததை எழுதிவிடுகிறேன்.

லித்துவேனியாவின் வில்னா நகருக்குள் 1941 ஜூனில் ஜேர்மன் படை நுழைந்தது. அந்த வருடம் முடிவதற்குள் நகரத்து யூதர்களில் பெரும்பகுதியினரை பக்கத்துப் பொனாரிக் காட்டில் குழிகளின் விளிம்பில் நிறுத்திச் சுட்டுவிட்டார்கள். மிஞ்சிய இருபதாயிரம் பேர்வரை சில தெருக்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். அதுதான் வில்னா கெட்டோ. 1942 ஜனவரியில் அங்கே இளைஞர்கள் சேர்ந்து ஐக்கியப் பார்ட்டிசான் அமைப்பை உருவாக்கினார்கள். சியோனிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே மேசையில் இருந்த அபூர்வமான அமைப்பு அது. தளபதி விட்டன்பேர்க், ஒரு கம்யூனிஸ்ட். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களில் ஒருவர் கவிஞர் அப்பா கொவ்னர்.

1943 ஜூலையில், கெட்டோவுக்கு வெளியே பிடிபட்ட ஒரு தோழரின் வாயிலிருந்து சித்திரவதையில் விட்டன்பேர்க்கின் பெயர் வந்தது. ஜேர்மன்காரர் அவரைக் கேட்டார்கள். கெட்டோவின் யூதத் தலைவர் யாக்கோப் கென்ஸ், அமைப்பின் தலைவர்களைப் பேச்சுக்கு அழைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் உள்ளே வந்து விட்டன்பேர்க்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வாசலை அடையுமுன் தோழர்கள் பாய்ந்து அவரை மீட்டார்கள். இதுவரை என் கட்டுரையில் இருந்தது. இந்த இடத்தில்தான் நான் பந்தியை முடித்து, கெட்டோ ஆயுதம் ஏந்தியது என்று அடுத்த பந்தியைத் தொடங்கினேன்.

நடந்தது வேறு. ஆளைத் தராவிட்டால் கெட்டோவையே அழிப்போம் என்று ஜேர்மன்காரரின் மிரட்டல் வந்தது. கென்ஸ் சனங்களைக் கூட்டிச் சொன்னார்: ஒருவனா, இருபதாயிரம் பேரா? சனம் தெருவில் இறங்கியது. கல்லும் தடியுமாகத் தங்கள் போராளிகளையே தேடி வந்தது. பிள்ளைக்காரிகளும் கிழவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். போராளிகளின் கையில் துவக்கு இருந்தது. எதிரே நின்றது அவர்களுடைய சொந்தச் சனம். சுடவேண்டுமென்றால் முதல் குண்டு யூதர்மீதுதான் பாயவேண்டும். தலைவர்கள் கூடிப் பேசினார்கள். விட்டன்பேர்க்கின் சொந்தக் கட்சித் தோழர்களே, போவதுதான் சரி என்றார்கள். அவர் தளபதிப் பொறுப்பைக் கொவ்னரிடம் கொடுத்துவிட்டு, ஜூலை 16 அன்று வாசலை நோக்கி நடந்தார். மறுநாள் ஜேர்மன் காவலில் பிணமாகக் கிடந்தார். நஞ்சு குடித்தார் என்பதே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு.

இதை ஏன் விட்டேன்? என் கட்டுரைக்கு இது உதவாது. ஒரு சனமே தன் போராளியைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னது, அந்தப் போராளிகள் தங்கள் சனத்தைச் சுட மறுத்தது — இரண்டையும் வைத்துக்கொண்டு மேடையில் கைதட்டல் வாங்க முடியாது.

நான் யாழ்ப்பாணத்தான். எண்பதுகளின் நடுவில் கனடாவுக்கு வந்தேன். இரவில் உணவகத்தில் கோப்பை கழுவி, பகலில் நிலவறை வீட்டில் படுத்துக்கொண்டு யூதர்களைப் பற்றி வாசித்தேன். எங்கள் மேடைகளில் அப்போது யூதர்களின் பெயர் அடிக்கடி அடிபடும். சிதறிப்போன இனம், எழுந்து நின்ற இனம் என்று பேச்சாளர்கள் உதாரணம் காட்டுவார்கள். ஊகமும் கேள்விச்செவியுமாக அவர்கள் பேசியதை நான் ஆதாரத்தோடு எழுதினேன் என்பதில் எனக்குக் கர்வம். ஒரு சிறு சஞ்சிகையில், புனைபெயரில், தொடராக. அடித்தளம் வார்சோ, நடுவில் வில்னா, உச்சியில் 23 வயதில் வார்சோ கெட்டோக் கிளர்ச்சியை நடத்தி மிலா 18ஆம் இலக்கப் பதுங்கு அறையில் இறந்த மொர்டெக்காய் அனியெலெவிச். சஞ்சிகை விற்றது. விழாக்களுக்கு அழைப்பு வந்தது.

அந்தத் தொடரில் இன்று எனக்கு மிகவும் கூசுவது ஒரு பந்தி. வார்சோ கெட்டோவின் யூதப் பொலிஸை 1942 கோடையில் நடத்தியவர் யாக்கோப் லெய்க்கின். ஜூலை 22 தொடங்கி செப்டம்பர் வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றிய அந்தக் கோடையில், சொந்த வீட்டாரைக் காப்பாற்றவேண்டுமென்றால் பொலிஸ்காரன் ஒவ்வொருவனும் நாளொன்றுக்கு ஐந்து பேரைப் பிடித்து வரவேண்டும் என்று கட்டளை போட்டிருந்தார்கள். அக்டோபர் 29 அன்று யூதப் போராட்ட அமைப்பு லெய்க்கினைத் தெருவில் சுட்டுக் கொன்றது. தீர்ப்பு நிறைவேற்றப்பட்டது என்று சுவரில் அறிவிப்பும் ஒட்டியது. இதை நான் ரசித்து எழுதினேன். எந்த இனமும் முதலில் தன் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வாசலுக்கு வரும் என்று ஒரு வசனம் வேறு.

ஊரைவிட்டு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, எங்கள் சந்தியில் ஒருவரை லைற் போஸ்ட்டில் கட்டிச் சுட்டிருந்தார்கள். பக்கத்துக் கிராமத்தில் சின்னக் கடை வைத்திருந்த மனிதர். அவரிடம் நான் சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறேன். கழுத்தில் மட்டை தொங்கியது. அதில் நீல மையில் எழுதியிருந்ததை வாசித்தேன். சைக்கிளை நிறுத்தவில்லை, காலைத் தரையில் ஊன்றாமல், வேகத்தைக் குறைத்து, வாசித்து முடித்துவிட்டுப் போனேன். வீட்டில் அம்மா கேட்டார், “ஆரடா அது?” “தெரியாதம்மா. ஏதும் செய்திருப்பான்” என்றேன். அவரை எனக்குத் தெரியும். அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குத் தெரியாது. அந்தச் சந்தியைக் கடந்து போன எல்லோருக்கும் அப்படித்தான்.

லெய்க்கினைப் புத்தகத்தில் கண்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்கக்கூடாது. வார்சோவில் செய்திருக்கிறார்கள், உலகம் அவர்களை வீரர் என்கிறது, ஆகவே எங்கள் சந்தியும் சரி, அதைக் கடந்து போன நானும் சரி. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடவில்லையே தவிர மனதில் போட்டேன். லெய்க்கின் ஊரறியப் பட்டப்பகலில் பல்லாயிரம் பேரை ரயிலடிக்குத் துரத்தியவர். கடைக்காரர் எந்த விசாரணையும் இல்லாமல் ஒரு மட்டையால் குற்றவாளி ஆக்கப்பட்டவர். முழு இனத்தையும் கொல்லப் புறப்பட்ட அரசுக்கு முன் நின்றவர்களின் முடிவை எடுத்து எங்கள் சந்தியில் ஒட்டவைக்க எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. ஒட்டவைத்தேன். வாசித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று விளங்கியது. விளங்கவேண்டும் என்றுதான் எழுதினேன்.

கென்ஸுக்கு மூன்று வரி கொடுத்தேன், மூன்றும் ஏச்சு. அந்த மனிதரைப் பற்றி இப்போதும் எனக்கு ஒரு முடிவு இல்லை. 1942 அக்டோபரில் பக்கத்து ஊரான ஓஷ்மியானாவில் 1,500 பேரைக் கொடு என்று கேட்டபோது, பேரம் பேசி, நானூற்றுச் சொச்சம் முதியவர்களையும் நோயாளிகளையும் கொடுத்தவர் அவர். கொடுத்துவிட்டு வந்து, இளையவர்களைக் காப்பாற்றக் கிழவர்களைக் கொடுத்தேன், பொறுப்பு என்னுடையது என்று வெளிப்படையாகவே பேசினார். அவருடைய மனைவி யூதரல்லாத லித்துவேனியப் பெண், கெட்டோவுக்கு வெளியே இருந்தார். நினைத்திருந்தால் கென்ஸ் தப்பியிருக்கலாம். 1943 செப்டம்பர் 14 அன்று கெஸ்டாப்போ கூப்பிட்டபோது, போனால் கொல்வார்கள் என்று எச்சரிக்கப்பட்டும் போனார். சுட்டுவிட்டார்கள். இந்த ஆளைச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீலமையால் எழுதிய ஒரு மட்டையில் அடங்குகிற ஆளும் அல்ல. நான் அடக்கினேன்.

இன்னொன்றையும் விட்டேன், அது வேறு காரணத்துக்காக. எனக்கு அது சலிப்பூட்டியது. வில்னா கெட்டோவில் ஒரு நூலகம் இருந்தது. ஹெர்மன் குருக் என்பவர் நடத்தினார். 1942 டிசம்பரில் அந்த நூலகம் இரவல் கொடுத்த புத்தகங்களின் தொகை ஒரு லட்சத்தைத் தொட்டது. பட்டினியிலும் ஒரு விழா எடுத்தார்கள். யூத நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஜேர்மனிக்கு அனுப்பத் தரம் பிரிக்கும் வேலையில் போடப்பட்ட கவிஞர் ஆப்ரஹாம் சுட்ஸ்கெவரும் நண்பர்களும், அவற்றைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு வாசல் சோதனையைத் தாண்டிக் கெட்டோவுக்குள் கடத்தினார்கள். கெட்டோவில் பிள்ளை பெறுவது தடைசெய்யப்பட்டபோது, பிறந்த குழந்தைகளை வைத்தியர்கள் மறைத்தார்கள். டைபஸ் காய்ச்சல் வந்தவர்களை வேறு நோயின் பெயரில் கிடத்தினார்கள். தொற்று என்று வெளியே தெரிந்தால் ஆஸ்பத்திரியோடு கொளுத்திவிடுவார்கள் என்ற பயம். இதெல்லாம் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. ‘பிற’ என்று ஒரு தலைப்புப் போட்டு அதன் கீழே எழுதியிருந்தேன். நூலகர், தாதி, குழந்தையை ஒளித்த தாய், எல்லோரும் எனக்குப் பிற.

துவக்கு ஏந்தாதவர்களைப் பிற என்று ஒதுக்கியதோடு நிற்கவில்லை. 1941 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் குடியில் காவலர்கள் மயங்கிக் கிடந்த வேளையில், வில்னா இளைஞர்களின் கூட்டத்தில் கொவ்னர் எழுதிய ஒரு பிரகடனம் வாசிக்கப்பட்டது. ஐரோப்பிய யூதர் எல்லோரையும் கொல்வதே ஹிட்லரின் திட்டம் என்று, வேறு பலர் நம்ப மறுத்த காலத்திலேயே, ஊகித்துச் சொன்ன பிரகடனம். வெட்டுக்குப் போகும் ஆடுகளைப்போல் போகாதிருப்போம் என்ற வாசகம் பரவியது அதிலிருந்துதான். தானும் அதே குழிக்குப் போகவேண்டியவனாக இருந்த ஒருவன், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னது. நான் அதை எடுத்து, போகிற வழியில் நின்று செத்தவர்களைப் பார்த்துச் சொன்னேன். ஊரில் பிள்ளையை இயக்கத்துக்கு அனுப்ப மறுத்து, இரவோடிரவாகக் கொழும்புக்குக் கூட்டிப்போன தாய்மாரையும் அதே வரியால் அடித்தேன். என்னுடைய தாயும் அதைத்தான் செய்தார். என்னைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, தாலிக்கொடியை அடகு வைத்து, ஏஜென்சிக்காரனுக்குக் கட்டி விமானம் ஏற்றிவிட்டார். அந்தக் கட்டுரையை அவர் வாசித்தாரா என்று நான் கேட்டதில்லை.

மாரெக் எடெல்மனை வாசித்தது பிற்பாடு. வார்சோக் கிளர்ச்சியின் தளபதிகளில் கடைசிவரை உயிரோடு இருந்தவர். போருக்குப் பிறகு போலந்திலேயே தங்கி, லொட்ஸ் நகரில் இருதய வைத்தியராகி, 2009இல் இறந்தார். 1942 கோடையில் ஆஸ்பத்திரித் தூதுவர் என்ற சாட்டில் ரயிலடி வாசலில் நாள்தோறும் நின்று, அமைப்புக்குத் தேவையானவர்களை வரிசையிலிருந்து இழுத்து எடுத்தவர் அவர். மற்றவர்கள் அவர் கண் முன்னாலேயே ரயிலேறினார்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறியவள் துவக்கோடு செத்தவனைவிடக் குறைந்தவள் அல்ல என்று கடைசிவரை அடித்துச் சொன்னார். சுட்டுக்கொண்டு சாவது சுலபம் என்றும் அவருக்கு ஒரு கட்சி. கிளர்ச்சியை நடத்தியவரே இப்படிச் சொல்வது எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் முதலுக்கே மோசம் வருகிறது என்ற ஆத்திரம். வாசித்த அன்றே திருந்தினேன் என்று சொல்லமாட்டேன். மனுசனுக்கு வயதாகிவிட்டது என்று ஒரு நண்பரிடம் சொன்னதுதான் நடந்தது.

கொவ்னருக்கும் ஒரு பின்கதை உண்டு. அதை மேடையில் சொல்லவில்லை. மேடையிலிருந்து இறங்கி, கார் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு சொன்னேன். போர் முடிந்ததும் கொவ்னரும் தப்பிப் பிழைத்த வேறு சிலரும் பழிவாங்கும் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். ஜேர்மன் நகரங்களின் குடிநீரில் நஞ்சு கலந்து, செத்த யூதருக்கு ஈடாக அதே தொகை ஜேர்மன்காரரைக் கொல்வது திட்டம். அதில் குழந்தைகளும் அடக்கம். அது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1945 டிசம்பரில் பாலஸ்தீனத்திலிருந்து நஞ்சோடு கப்பலில் திரும்பிய கொவ்னரைப் பிரித்தானியர் கைதுசெய்தார்கள். நஞ்சு கடலுக்குள் போனது. 1946 ஏப்ரலில் எஞ்சியவர்கள் நியூரம்பேர்க்கில் எஸ்.எஸ். கைதிகளின் முகாமுக்குப் போகும் ரொட்டிகளில் ஆர்செனிக் பூசினார்கள். சுமார் 3,000 ரொட்டிகள். ஏராளமானோருக்கு வயிற்றாலடித்தது, யாரும் செத்ததாகப் பதிவில்லை.

இதை நான் தரிப்பிடத்தில் சொல்லும்போது சிரித்துக்கொண்டு சொன்னேன். கேட்டவர்களும் சிரித்தார்கள். தண்ணீர்த் திட்டம் நடக்காமல் போனதே என்று ஒருவர் உச்சுக் கொட்டினார், நானும் கொட்டினேன். எல்லாவற்றையும் இழந்து, பொனாரிக் குழிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் தலையில் அந்த எண்ணம் வந்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடியும். அவர்களில் சிலர் பின்னாளில் அதை நினைத்து நடுங்கவும் செய்தார்கள். எனக்கு அந்த இழப்பும் இல்லை, பின்னால் வந்த நடுக்கமும் இல்லை. கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டு, கார் சூடாகும்வரை பேசிக்கொண்டு நின்றேன்.

கொவ்னரே தன்னை எப்படிப் பார்த்தார் என்பதுதான் நான் கடைசியாக வெட்டிய துண்டு. 1943 செப்டம்பரில் கெட்டோவைக் காலிசெய்யத் தொடங்கினார்கள். கிளர்ந்தெழும்படி போராளிகள் விடுத்த அழைப்பைச் சனம் ஏற்கவில்லை. அமைப்பு காட்டுக்குப் போக முடிவெடுத்தது. சாக்கடைக் குழாய்களுக்குள் தவழ்ந்து வெளியேறினார்கள். ஆயுதம் எடுக்கக்கூடியவருக்குத்தான் இடம். அந்தக் கடைசி நாட்களில் கொவ்னரின் தாய் அவரிடம் வந்து, நான் என்ன செய்வது என்று கேட்டார். தளபதியிடம் பதில் இல்லை. தாய் பொனாரியில் கொல்லப்பட்டார். பிற்காலத்தில், இஸ்ரேலில், பெயர்பெற்ற கவிஞராக, நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணையில் சாட்சி சொன்னவராக இருந்தபோதும், தன்னைக் கெட்டோப் போராளி என்று அழைப்பதா, தாயைக் கைவிட்ட மகன் என்று அழைப்பதா என்று தனக்குத் தெரியவில்லை என்று கொவ்னர் சொன்னார். பார்ட்டிசான் தளபதியே எடுத்துக்கொள்ளாத மன்னிப்பை, நான் அவர் பெயரில் எடுத்து, ரொறன்ரோவில் என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள், பல கை மாறி, எனக்கு ஒரு கடிதம் வந்தது. வன்னியிலிருந்து. கொப்பித் தாளின் இரண்டு பக்கமும் நிறைய எழுதியிருந்தான் ஒரு பெடியன். எழுத்தைப் பார்த்தால் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கமாட்டான். என் தொடரை போட்டோக்கொப்பி எடுத்து அவர்களுக்கு வாசித்துக் காட்டினார்களாம். வார்சோவில் சண்டை முடிந்த பிறகு மிஞ்சிய சனத்துக்கு என்ன நடந்தது, அதைப் பற்றிப் புத்தகம் இருந்தால் அனுப்ப முடியுமா, அனியெலெவிச்சின் அம்மா அப்பா எங்கே என்று கேட்டிருந்தான். ‘ஐயா’ என்றுதான் எழுதியிருந்தான்.

புத்தகம் கைவசம் இருந்தது. கோடு போட்ட பக்கங்களின் குறிப்பும் இருந்தது. ஒருசில வரிகளில் பதில் எழுதி, வந்த வழியிலேயே அனுப்பினேன்: உங்களைப் போன்றவர்களைப் பார்த்து உலகத் தமிழினம் பெருமைப்படுகிறது, வரலாறு உங்கள் பக்கம், தொடர்ந்து வாசியுங்கள். மிஞ்சிய சனத்தைப் பற்றி அவன் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. தன் சனத்தைச் சுடமாட்டேன் என்று துவக்கைத் தாழ்த்தியவர்களைப் பற்றியும் சொல்லவில்லை. அவன் வயதைக் கேட்கவில்லை. அனியெலெவிச்சின் பெற்றோரைப் பற்றிக் கேட்டவனிடம், உன்னுடைய அம்மா எங்கே என்று திருப்பிக் கேட்கவும் இல்லை.